குப்பை என்பது எது?

ரங்கநாதன் தெருவில் கடைகள் ஷட்டரை இறக்குற நேரத்துக்குத்தான் எங்கம்மா கிளம்பும். துணி வந்த பெட்டி, பாத்திரம் வந்த பெட்டி எல்லாத்தையும் பிரித்து, பின்னைப் பிடுங்கி, மிதித்துத் தட்டையாக்கி, சணலால் கட்டித் தலையில் தூக்கி வரும். நனைந்த அட்டைக்குக் காயலான் கடையில் எடையைக் கழித்துவிடுவார்கள். விற்காததுதான் எங்கள் குடிசைக்கு மறைப்பு, எனக்குப் படுக்கை. மிச்சத்தில் தம்பிக்கு ஒரு பஸ் செய்தேன், சோடா மூடிச் சக்கரம் வைத்து. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். "குப்பையை ஏன்டா உள்ள கொண்டாந்தே?" என்றார் வாத்தியார். அவர் குப்பை என்றது பஸ்ஸையா, என்னையா?

சமீபத்தில் அடையாறில் ஒரு கண்காட்சி பார்த்தேன். பழைய அட்டையில் நாற்காலி, விளக்குக் கூண்டு. பூமியைக் காக்கிறோம் என்றார்கள். நல்ல வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே அட்டை அம்மா தலையில் இருந்தபோது யாரும் அதைக் கலை என்று சொன்னதில்லை.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு விற்கும் காகிதக்கூழ் பொம்மைகளைப் பாருங்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, பசை சேர்த்து அச்சில் அழுத்தி, காயவைத்து வர்ணம் பூசினால் சாமி. காகிதம் கொலுப்படி ஏறிவிடுகிறது. பொறுக்கியவள் வாசற்படியோடு நிற்கிறாள்.

செத்தவர் துணியை உடுத்து, உடைந்த பாத்திரத்தில் உண் என்று சண்டாளருக்கு விதித்தது மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம். அடுத்தவன் கழித்ததைப் பயன்படுத்துவது அங்கே தண்டனை. அந்த நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் எரித்தார்கள். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று 1936இல் அவர் எழுதினார். அடையாறு நாற்காலிக்கும் எங்கம்மா கட்டுக்கும் நடுவில் இருப்பது அந்தப் பிரிவினைதான்.

அப்படியானால் இந்த வேலையைப் புனிதம் என்பதா, இழிவு என்பதா? புனிதம் என்றால் எங்களை அதிலேயே கட்டிப்போடுவார்கள். இழிவு என்றால் என் தம்பியின் பஸ்ஸும் இழிவாகிவிடும். இரண்டும் வேண்டாம். கைத்திறன் எங்கம்மாவுடையது, கட்டாயம் மனுவுடையது. முன்னதை விடமாட்டோம், பின்னதை ஏற்கமாட்டோம். வேண்டாம் என்று விலகவும் முடிகிறவன் செய்வதுதான் அறம். விலக வழியில்லாதவளைப் பாராட்டுவது ஏமாற்று. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குவோரைப் பெயர் சொல்லி அங்கீகரித்தன. பெயர் மட்டும் போதாது. நியாய விலை வேண்டும், பிள்ளைகளுக்கு வேறு வழி வேண்டும்.

கண்காட்சியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அட்டைய கிலோ இன்னா வெலைக்கு எடுத்தாங்களாம்?" என்றது.

நான் கேட்காமல் வந்துவிட்டேன்.