நிறம் எழுதும் தீர்ப்பு

எண்ணுக்கு முகம் இல்லை. நிறத்துக்கு முகம் உண்டு. ‘அறுபது’ என்று சொன்னால், ‘எதில் அறுபது? நேற்று எவ்வளவு?’ என்று கேட்கத் தோன்றும். அதே அறுபதைச் சிவப்புக் கட்டத்துக்குள் வைத்துக் காட்டுங்கள்; விசாரணை அங்கேயே முடிந்துவிடும். ‘யார் குற்றவாளி?’ என்ற ஒரு கேள்விதான் மிஞ்சும். கண் பார்த்த மாத்திரத்தில் மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. இது நியாயந்தானா என்பது சில நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கிறார் என் நண்பர். அங்கே ஒவ்வொரு தையல் லைனின் திறனையும் அன்றாடம் கணக்கிடுகிறார்கள். கணக்கு எளியதுதான். முப்பது டெய்லர்கள் எட்டு மணி நேரம் உழைத்தால் 14,400 நிமிஷம். ஒரு டீ-ஷர்ட்டுக்குப் பத்து நிமிஷ வேலை என்று வைத்துக்கொண்டால், 1,440 உருப்படி வந்தால் நூற்றுக்கு நூறு. 864 வந்தால் அறுபது. இந்த எண்களைக் கம்ப்யூட்டரே திரட்டி, ஸ்லைடுகளாக அடுக்கி, காலைக் கூட்டத்துக்கு முன்பே தயாராக வைத்துவிடுகிறது. 75க்கு மேல் பச்சை. 65 முதல் 75 வரை மஞ்சள். அதற்கும் கீழே சிவப்பு. மனிதக் கை படுவதில்லை. ஆகவே பாரபட்சமும் இல்லை என்கிறார்கள்.

“65இல் கோடு கிழித்தது யார்?” என்று நண்பரைக் கேட்டேன்.

“தெரியலீங்களே. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாலேயே அப்படித்தான் இருந்துச்சுங்க” என்றார்.

இதில்தான் சிக்கல் இருக்கிறது. இயந்திரம் கோட்டைக் காவல் காக்கிறது, கிழித்தவன் மனிதன். 65க்கும் 64க்கும் இடையே உள்ளது நூற்றில் ஒரு பங்கு. நிறம் அந்த இடைவெளியில் ஒரு சுவரை எழுப்பிவிடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்த லைன் சூப்பர்வைசர் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து துணி பிந்தி வந்திருக்கலாம். ஷேடு ஒத்துவராமல் திரும்பிப் போயிருக்கலாம். புதிய மாடல் என்பதால் டெய்லர்களுக்கு இன்னும் கை பழகாமல் இருக்கலாம். இவை எதுவும் சிவப்புக் கட்டத்துக்குள் தெரிவதில்லை. தண்டனை வாங்குகிறவருக்கு முகம் இருக்கிறது. தண்டனை விதித்தவருக்கு முகம் இல்லை.

நிறங்களே வேண்டாம் என்பதல்ல என் வாதம். இருபது லைன்களை மேற்பார்க்கிறவருக்கு முதலில் எங்கே ஓடவேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். தையல் ஆலைகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. தர ஆய்வாளர் மெஷின் மெஷினாகச் சென்று, தைத்த உருப்படிகளில் சிலவற்றை எடுத்துப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளில் ஒன்றை அங்கே மாட்டிவிட்டுப் போவார். அதுவும் மனத்தைச் சுடக்கூடியதுதான். ஆயினும் மாட்டிய கை எதிரில் நிற்கிறது. “ஊசி மழுங்கிப் போச்சுங்க” என்று டெய்லர் சொல்ல முடியும். குறை தீர்ந்தால் அடுத்த சுற்றில் அட்டையும் மாறும். அங்கே நிறம் பேச்சைத் தொடங்கி வைக்கிறது. ஸ்லைடிலோ பேச்சை முடித்துவைக்கிறது.

பேச முடியாத இடத்தில் பயம் குடிபுகும். 2006இல் ஆலன் முலாலி அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்குத் தலைவராக வந்தார். வாராந்தரக் கூட்டங்களில் அதிகாரிகள் காட்டிய அட்டவணைகளில் எங்கும் பச்சை. அந்த ஆண்டில் கம்பெனியின் நஷ்டமோ 1,200 கோடி டாலருக்கும் மேல்! கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, தம் புதிய கார் வெளிவருவதில் தடை இருக்கிறது என்று சிவப்பைக் காட்டினார். அவருக்கு வேலை போய்விடும் என்று மற்றவர்கள் எண்ணினார்கள். முலாலி கை தட்டினார். இவருக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அதன்பின் மற்றவர்களின் அட்டவணைகளிலும் உண்மை நிறங்கள் தலைகாட்டின. சிவப்புக்கு அடி விழும் இடத்தில், வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமாகத் தர்பூசணிகள்தாம் விளையும்.

பொய்ப் பச்சையைக் காட்டிலும் நுட்பமான தீமை ஒன்று உண்டு. கட்டமே போடாத விஷயத்துக்கு நிறமே கிடையாது. நிறத்தையே தொழிலாகக் கொண்ட எங்கள் ஊரை விடச் சிறந்த சாட்சி இதற்கு வேண்டியதில்லை. ஏற்றுமதிக் கணக்கு ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நொய்யலில் சாயம் ஓடியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கியது. ஏற்றுமதிக் கணக்கில் ஆற்றுக்கு ஒரு கட்டம் இருக்கவில்லை. கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாய, சலவை ஆலைகளை மூடிவைக்கும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் தொழில் முழுவதும் அந்தச் சிவப்பைக் கண்டது. ஆற்றங்கரை உழவர்கள் அதை வெகு காலம் முன்பே கண்டிருந்தார்கள்.

ஆகவே, அளப்பதும் நிறம் பூசுவதும் குற்றமல்ல. பூசிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதே குற்றம். எதை அளப்பது, எங்கே கோடு கிழிப்பது என்று முடிவு செய்கிறவர் நீதிபதியின் வேலையைச் செய்கிறார். நீதிபதி தம் தீர்ப்பின் கீழே கையெழுத்திடுகிறார் அன்றோ? ஸ்லைடின் மூலையில் கோடு கிழித்தவரின் பெயரும் இருக்கட்டும். சிவப்பு தெரிந்தவுடன் “யார்?” என்று கேட்பதற்குமுன் “ஏன்?” என்று கேட்கும் பொறுமையும் அவருக்கு இருக்கட்டும். அந்த ஒரு கேள்வியை இயந்திரம் நமக்காகக் கேட்டுவிடாது.