விடுதலைக்குப் பின்னும் வழக்கா?

இஷாத் தொழுகை முடிந்து சிலர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். வாசுதேவநல்லூர்ச் சகோதரர் ஒருவர் மனத்திலிருந்ததைக் கேட்டார். "ஒரு கொலை வழக்கில் கோர்ட்டு ஒருவரை விடுதலை செய்துவிட்டது. இறந்தவரின் தம்பி அப்பீல் போகிறேன் என்கிறார். ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை விசாரிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறதாமே? போதாக்குறைக்கு, பொறுமைதான் மேல் என்று வீட்டுப் பெரியவர்கள் அவரைத் தடுக்கிறார்கள். யார் சொல்வது சரி?"

சட்டத்தை முதலில் பார்ப்போம். ஒரு குற்றத்துக்காக வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் பெற்ற ஒருவரை, அதே குற்றத்துக்காக மறுபடி தண்டிக்கக் கூடாது என்பது இந்திய அரசியல் சட்டத்தின் 20(2)-ஆவது பிரிவு. விடுதலையானவருக்கு அரணாக நின்றது 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அது 337-ஆவது பிரிவாக இருக்கிறது. இதன் நியாயம் விளங்காததல்ல. அரசாங்கத்திடம் போலீஸ் இருக்கிறது, பணம் இருக்கிறது, வக்கீல்கள் இருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரோ வயலை விற்று வழக்கு நடத்துகிறவர். தோற்கும்போதெல்லாம் புதிதாக வழக்குப் போடலாம் என்றால் எந்தக் குடும்பம் நிம்மதியாகத் தூங்கும்?

ஆனால் அப்பீல் என்பது புது வழக்கல்ல. அதே வழக்கு, அதே சாட்சியங்களுடன் அடுத்த படி ஏறுகிறது. இந்த வேற்றுமையை மறந்துவிடுவதால்தான் குழப்பம். அமெரிக்காவில் ஜூரிகள் விடுதலை செய்துவிட்டால் அரசாங்கம் அப்பீல் செய்ய முடியாது. நம் நாட்டில் செய்யலாம். இங்கிலாந்திலோ 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொடிய குற்றங்களில் வலுவான புதுச் சாட்சியம் கிடைத்தால் விடுதலையானவரையே மறுபடி விசாரிக்கலாம். 1993-இல் லண்டனில் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற இளைஞரின் வழக்கில், 1996-இல் விடுதலையான ஒருவர் 2012-இல் அதே கொலைக்காகத் தண்டனை பெற்றார். அதுதான் உண்மையான இரண்டாம் விசாரணை. நம் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

சரி, அரசாங்கம் அப்பீல் செய்யாமல் வாளாவிருந்தால்? இந்தக் கேள்வி நம் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் சென்றது. சட்ட நூல்களில் அது சதானந்தம் எதிர் அருணாசலம் என்று வழங்குகிறது. செஷன்ஸ் கோர்ட்டு தண்டித்த ஒருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அரசாங்கம் மேலே போகவில்லை. கொலையுண்டவரின் சகோதரர் போனார். 1979-இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்துச் செய்து தண்டனை விதித்தது. 'தனி மனிதனுக்கு இந்த உரிமை ஏது?' என்று தண்டிக்கப்பட்டவர் வழக்காடினார். 1980-இல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அதைத் தள்ளிற்று. அதே சமயம், தனிப்பட்ட பகைக்கு நீதிமன்றம் கருவியாகிவிடாதபடி இந்த வாசலை மிகுந்த எச்சரிக்கையுடனேயே திறக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் கருதினார்கள்.

பாதிக்கப்பட்டவருக்கும் அவருடைய வாரிசுக்கும் விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமையைச் சட்டமே எழுதிக் கொடுத்தது 2009 டிசம்பர் 31 முதல்தான். ஆகவே அந்தத் தம்பி சட்டத்தை மீறவில்லை.

இனி மார்க்கம். கொலையுண்டவரின் வாரிசுக்கு அல்லாஹுத் தஆலா அதிகாரம் அளித்திருப்பதை பனீ இஸ்ராயீல் சூராவின் 33-ஆவது ஆயத்தில் காண்கிறோம். அதே மூச்சில், அவர் வரம்பு மீறக் கூடாது என்ற எச்சரிக்கையும் வருகிறது. ஆக, வாரிசு நீதி கேட்பது குரோதமல்ல, அவருடைய ஹக்கு. கத்தியைத் தூக்காமல் கோர்ட்டுப் படியேறுகிறவரைப் பார்த்துப் 'பொறுமை இல்லாதவர்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மன்னிப்பது மேலான செயல்தான். ஆனால் 'நான் செய்யவே இல்லை' என்று சாதிப்பவரை எப்படி மன்னிப்பது? குற்றம் தெளிவான பிறகல்லவா மன்னிப்பு! சில ஊர்களில் அப்பீல் போகாமலிருக்கப் பணம் பேசி, அதற்குத் 'தியத்' என்று பெயரும் சூட்டிவிடுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் வாயை அடைக்கக் கொடுக்கும் காசு எப்படித் தியத்தாகும்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு காஜி தம் ஆராய்ச்சியினால் கண்ட தீர்ப்பை, இன்னொரு காஜி தம் ஆராய்ச்சி வேறு என்பதற்காக மட்டும் கலைக்கலாகாது என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். நம் உச்ச நீதிமன்றம் 2007-இல் தெளிவுபடுத்திய விதியும் ஏறக்குறைய இதுதான். சாட்சியத்தை இரண்டு விதமாகக் கொள்ள இடமிருந்தால் விடுதலையைத் தொடக்கூடாது. அந்தத் தம்பி தம் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே: கீழ்க்கோர்ட்டு சாட்சியத்தைத் தவறாகப் படித்ததா, அல்லது நமக்குப் பிடிக்காத விதத்தில் படித்ததா? இரண்டாவதுதான் என்றால், மதுரைக்கு அலைந்து பணத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

விடுதலையானவருக்கும் ஒரு சொல். நாவன்மையால் ஒருவர் வென்று, அவருக்கு உரியதல்லாததைத் தாம் தீர்த்துக் கொடுத்துவிட்டால், அது அவருக்கு நெருப்புத் துண்டுதான் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். நபியவர்களின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காதபோது செஷன்ஸ் நீதிபதியின் தீர்ப்பு ஆக்கிவிடுமா? ஆனால் இது அவர் தம் உள்ளத்தோடு பேசிக்கொள்ள வேண்டிய பேச்சு. தெருவிலுள்ளவர்கள் அவரிடம் போய்ப் பேசுவதற்கல்ல.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தச் சகோதரர் சற்றுத் தயங்கினார். "அதெல்லாம் சரி, அண்ணே. அப்பீல் முடிய வருஷக்கணக்காகுமே. அதுவரை அவரும் இந்தப் பள்ளிக்குத்தான் வருவார். ஒரே ஸஃப்பில் பக்கத்தில் வந்து நின்றால்?"

"தோளோடு தோள் சேர்த்து நில்லுங்கள். ஸலாம் சொன்னால் பதில் சொல்லுங்கள். இன்றைய தேதியில் அவர் நிரபராதி."

"அந்தத் தம்பியும் நிற்க வேண்டுமா?"

அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. அவர் வேறு ஸஃப்பில் நிற்கட்டும் என்றேன்.