சிலுவை என்னும் மடமை

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம் தொடங்கிய சில வரிகளிலேயே ஒரு சண்டைக்குள் நுழைந்துவிடுகிறது. குலோவேயின் வீட்டார் மூலம் செய்தி வந்திருக்கிறது. சபையில் ஒரு கூட்டம் பவுலின் பெயரைச் சொல்கிறது, இன்னொன்று அப்பொல்லோவின் பெயரை, வேறொன்று கேபாவின் பெயரை. கிறிஸ்துவின் பெயரையே கட்சிப் பெயராக்கிக்கொண்டவர்களும் உண்டு. எந்தக் கட்சி சரி என்று பவுல் தீர்ப்புச் சொல்லவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார். சிலுவையைப் பற்றிய செய்தி உலகத்தின் கணக்கில் மடமைதான் என்று ஒப்புக்கொண்டு, கடவுளின் ஞானம் அந்த மடமைக்குள்தான் இருக்கிறது என்கிறார். முதல் அதிகாரம் 18ஆம் வசனம் முதல் அதிகார முடிவு வரை நீளும் இந்தப் பகுதி, கிறிஸ்தவ சிந்தனையின் மிகத் துணிச்சலான பக்கங்களில் ஒன்று. மிக எளிதாகத் தவறாக எடுத்துக்கொள்ளப்படும் பக்கமும் அதுவே.

கட்சிச் சண்டைக்கு மருந்தாக மடமையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? கொரிந்து எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால் காரணம் விளங்கும். கி.மு. 146இல் ரோமத் தளபதி மும்மியுஸ் பழைய கொரிந்தை அழித்தான். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பாழாய்க் கிடந்த அந்த இடத்தில் கி.மு. 44இல் யூலியஸ் சீசர் புதிய குடியேற்றத்தை ஏற்படுத்தினான். குடியேறியவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். லெக்காயோன், கெங்கிரேயா என்று இரு கடல்களையும் பார்த்தபடி இரண்டு துறைமுகங்கள் இருந்தன. வணிகத்தில் பணம் புரண்டது. குலப்பெருமை சொல்லிக்கொள்ள வழியில்லாத அந்த ஊரில் பணத்தாலும் பேச்சாலும் ஒருவர் மேலே ஏறிவிடலாம். பாபியுஸ் பிலினுஸ் என்ற செல்வர் அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். தன் சொந்தச் செலவில் கட்டியதாகவும், நகர அதிகாரி என்ற முறையில் அதற்குத் தானே ஒப்புதல் அளித்ததாகவும் அதில் பொறித்தும் வைத்தார். கட்டியவரும் அவரே, பாராட்டியவரும் அவரே! கொரிந்தின் மனத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கல்வெட்டே போதும்.

இத்தகைய ஊரில் நாவன்மை மிக்க பேச்சாளர்களுக்கு அடியார் கூட்டம் சேர்ந்தது. பெரிய பேச்சாளரின் மாணவன் என்று சொல்லிக்கொள்வதே ஒரு கௌரவம். அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த அப்பொல்லோ சொல்வன்மை மிக்கவர். பவுலோ அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு சேர்ந்து கூடாரம் செய்யும் தொழிலில் கை காய்த்தவர். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அங்கே தங்கியிருந்தும் சபையாரிடம் கூலி வாங்கவில்லை. நேரில் வந்தால் ஆள் சோபிப்பதில்லை, பேச்சும் எடுபடுவதில்லை என்று அவரைக் குறைசொன்னவர்கள் கொரிந்திலேயே இருந்தார்கள். அவர் அங்கே தங்கிய காலத்தில் ஆளுநராக இருந்தவர் தத்துவ அறிஞர் செனெக்காவின் அண்ணன் கல்லியோ. தெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றால் கல்லியோவின் பதவிக்காலம் கி.பி. 51–52ஐ ஒட்டியது என்று தெரிகிறது. அந்த நாள்களின் நினைவு ஆறுவதற்குள், சில ஆண்டுகளில், எபேசிலிருந்து இந்தக் கடிதம் போயிற்று. ஆக, கொரிந்தியரின் சண்டை கோட்பாட்டைப் பற்றியதாகத் தெரியவில்லை. எந்த ஆசிரியரின் பெயர் தனக்கு அதிக மதிப்பைத் தரும் என்பதே அதன் அடியில் இருந்தது. அதனால்தான் பவுல், எந்த மதிப்பும் ஒட்டாத ஒரு பொருளை எடுத்து அவர்கள் நடுவில் வைக்கிறார்.

சிலுவை அன்று எவ்வளவு அருவருப்பானது என்பதை இன்று கற்பனை செய்வதே கடினம். கழுத்துச் சங்கிலியிலும் கோபுர உச்சியிலும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அழகுப் பொருள். ரோமருக்கோ அது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைகளின் எழுச்சி கி.மு. 71இல் அடக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை அப்பிய நெடுஞ்சாலையில் சுமார் 6000 பேர் சிலுவைகளில் தொங்கவிடப்பட்டார்கள். சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் காதில் விழக் கூடாது என்னும் கருத்தில் சிசெரோ வாதாடியிருக்கிறார். யூதருக்கு வேறு தடை இருந்தது: மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு உள்ளானவன் என்று இணைச்சட்ட நூல் சொல்கிறது. மீட்பரை அங்கே தேடுவது நம்பிக்கையுள்ள யூதருக்கு இடறல், படித்த கிரேக்கருக்குப் பிதற்றல்.

ஏளனம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சுவரே சாட்சி. ரோமின் பலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கிறுக்கலில், கழுதைத் தலையுள்ள மனிதன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கையை உயர்த்தி வணங்குகிறான். அலெக்சமெனோஸ் தன் கடவுளைத் தொழுகிறான் என்று பொருள்படப் பக்கத்தில் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. அது கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தது என்று பலர் கருதுகிறார்கள். சிலுவையில் இயேசு தொங்கும் காட்சியாக இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று, பக்தர் கையால் வரையப்பட்டதல்ல. கேலி செய்தவர் கீறியது.

இந்த இழிவை மறைக்கவோ மெருகூட்டவோ பவுல் முயலவில்லை. கடவுள் அரண்மனையில் தோன்றி வலிமையைக் காட்டியிருந்தால் வலிமையுள்ளவர்கள் அவரைத் தங்களில் ஒருவராக எண்ணியிருப்பார்கள். வாதத்தில் வென்று காட்டியிருந்தால் அறிஞர்கள் சொந்தம் கொண்டாடியிருப்பார்கள். அடிமையின் சாவைச் சாகும் கடவுளை முதலில் இனம்கண்டு கொள்ளக்கூடியவர்கள், இழக்கக் கௌரவம் இல்லாதவர்கள்தாம். கொரிந்தியர் தங்கள் சபையையே சுற்றிப் பார்க்கட்டும் என்கிறார்: அங்கே ஞானிகள் சிலரே, செல்வாக்குள்ளவர்கள் சிலரே, உயர்குடியில் பிறந்தவர்களும் சிலரே. மனித ஞானம் அழிந்துபோகும் என்ற எசாயாவின் எச்சரிக்கையில் தொடங்கும் வாதம், பெருமை பாராட்டுகிறவர் ஆண்டவரை அறிந்ததைக் குறித்தே பெருமை பாராட்டட்டும் என்ற எரேமியாவின் அறிவுரையில் போய் முடிகிறது. பாபியுஸின் கல்வெட்டைக் கடந்து நடந்தவர்களுக்கு அந்த அறிவுரை யாரைக் குத்தியது என்று விளக்க வேண்டியிருந்திருக்காது.

இதைப் படிப்புக்கு எதிரான பிரகடனமாக வாசிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய கெல்சுஸ் அந்தக் குற்றச்சாட்டையே வைத்தார்: கம்பளி நெய்பவர், செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர் ஆகியோரை இவர்கள் பிடித்துக்கொண்டு, கேள்வி கேட்காமல் நம்பச் சொல்கிறார்கள் என்றார். சுமார் 248இல் ஒரிகேன் அதற்கு எட்டுப் புத்தகங்களில் பதில் எழுதினார். அறிவுக்கு எதிரிகள் என்ற பழிக்கு எட்டுப் புத்தக அளவில் அறிவார்ந்த மறுப்பு வந்ததே பாதி பதில். பவுலும் அதே கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில், சிந்திப்பதில் குழந்தைகளாக இருக்க வேண்டாம், முதிர்ந்தவர்களாக இருங்கள் என்று அறிவுறுத்துகிறார். அறிவைக் கைவிடச் சொல்கிறவர் அப்படி எழுதமாட்டார். அவர் கைவிடச் சொல்வது, அறிவை ஏணியாக்கிப் பிறர் தோளில் ஏறும் பழக்கத்தை.

அந்த வேறுபாட்டைக் கடிதத்தின் நடைமுறைப் பகுதிகள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்ற கேள்வியில், சிலை என்பது ஒன்றுமில்லை என்று அறிந்தவர்களின் பக்கம் கொள்கையளவில் பவுல் நிற்கிறார். ஆனாலும் அந்த அறிவால் மனச்சான்று நலிந்த ஒருவர் இடறி விழுவார் என்றால், தான் இறைச்சியே உண்ணப்போவதில்லை என்கிறார். வாதத்தில் வென்றவர் விருந்தை விட்டுக்கொடுக்கிறார். உலகக் கணக்கில் இது மடமை. ஆண்டவரின் இராவிருந்து பற்றிய 11ஆம் அதிகாரத்தில் குரல் கடுமையாகிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறிக்க, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். சிலுவையின் மடமை அங்கே கோட்பாடாக நின்றுவிடாமல் பந்திக்கு வந்துவிடுகிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. இதைக் கவனியாமல் முதல் அதிகாரத்தை மட்டும் ஓதுவது அரைகுறை வாசிப்பு.

கிறிஸ்துவின் பொருட்டு நாங்கள் மடையர்கள் என்று நான்காம் அதிகாரத்தில் பவுல் கசப்பும் கிண்டலும் கலந்து சொன்னதை, பிற்காலத்தில் சிலர் வாழ்க்கை முறையாகவே எடுத்துக்கொண்டார்கள். சுமார் 420இல் பலாதியுஸ் எழுதிய துறவியர் வரலாற்றில் எகிப்தின் தபென்னிசி மடத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். பேய் பிடித்தவள்போல் நடந்துகொண்டு, தலையில் கந்தலைச் சுற்றி, அடுக்களையில் எடுபிடி வேலை பார்த்தாள். மற்றவர்களோடு உட்கார்ந்து உண்டதில்லை. பாத்திரம் கழுவி, மிச்சம் மீதியில் வயிறு கழுவினாள். பித்தேரோம் என்ற துறவி வானதூதர் சொல்லி அங்கு வந்தார். எல்லாரும் அவர்முன் அழைத்து வரப்பட்டார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. அவளையும் கொண்டுவரச் சொல்லி, அவள் காலில் விழுந்தார். அப்போதுதான் மடத்தார் வாய்திறந்தார்கள்: ஒருத்தி கழுநீரை அவள்மேல் ஊற்றியிருந்தாள், இன்னொருத்தி அடித்திருந்தாள். சில நாள்களில் அவள் அந்த மரியாதையைத் தாங்கமாட்டாமல் மடத்தைவிட்டுப் போய்விட்டாள். எங்கே போனாள் என்பது யாருக்கும் தெரியவில்லை. வரலாறா, புனைவா என்று இதைத் தராசில் வைப்பதைவிட, கதை எதைச் சுட்டுகிறது என்று பார்ப்பது நல்லது. குற்றம் வெளிப்பட்டது அவளுடையதல்ல, புனிதர்கள் என்று தங்களை எண்ணியிருந்த மடத்தாருடையது.

சிரியாவின் எமேசா, இன்றைய ஹோம்ஸ், நகரத்துச் சிமெயோனின் வரலாற்றை ஏழாம் நூற்றாண்டில் சைப்பிரஸ் தீவின் ஆயர் லெயோந்தியுஸ் எழுதினார். 29 ஆண்டுகள் பாலைநிலத்தில் தவம் செய்தவர், இடுப்புக் கயிற்றில் செத்த நாயைக் கட்டி இழுத்தபடி ஊருக்குள் நுழைந்தார். பிள்ளைகள் துரத்தி அடித்தார்கள். மறுநாள் ஞாயிறு வழிபாட்டில் விளக்குகளை அணைத்தார், பெண்கள்மீது கொட்டைகளை எறிந்தார். புனித வாரத்தில் எல்லார் கண்ணெதிரிலும் உண்டார். யாரும் அறியாமல் நோன்பிருந்தார். அவருடைய உண்மை நிலையை அறிந்தவர் யோவான் என்ற திருத்தொண்டர் ஒருவரே. நல்ல பெயரும் ஒரு சொத்துதான் என்று கருதி, அதையும் துறந்த துறவு இது. இந்த வரலாற்றை வாசிக்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க முடியாது. சுளிக்க வைப்பதே அதன் நோக்கமாகவும் இருக்கலாம்.

இந்த வழியில் போலிகள் புகுவதும் எளிது. 692இல் கான்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய திருலோ சங்கம், பேய் பிடித்ததுபோல் நடிப்பவர்களைத் தண்டிக்கத் தனி விதியே வகுத்தது. உண்மையை எப்படிப் பிரித்தறிவது? மடமைக்கு விலை கொடுப்பது யார் என்று பார்ப்பதே பயனுள்ள உரைகல். போலி மடையனுக்குப் பயமும் காணிக்கையும் சேரும். மெய்யானவருக்கு அடி விழும், அவரால் யாரோ ஒருவர் பிழைத்துக்கொள்வார். 1570இல் நோவ்கொரோதில் படுகொலை நடத்திவிட்டு ருஷ்யாவின் இவான் மன்னன் பிஸ்கோவ் நகருக்கு வந்தபோது, நிக்கொலாய் என்ற புனிதப் பித்தர் தவக்காலத்தில் அவன்முன் பச்சை இறைச்சியை வைத்தார் என்பது மரபு. நோன்பு நாளில் இறைச்சி உண்பதில்லை என்று மன்னன் சொல்ல, மனித இரத்தத்தைக் குடிப்பவனுக்கு இது என்ன பெரிது என்று அவர் கேட்டாராம். பிஸ்கோவ் தப்பியது. அமைச்சர் எவரும் சொல்லத் துணியாததை, இழக்க எதுவுமில்லாதவர் சொன்னார். மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் அதே இவான் தன் கசான் வெற்றிக்காகக் கட்டிய பேராலயத்தை, அங்கே புதைக்கப்பட்ட இன்னொரு பித்தர் வசீலியின் பெயராலேயே மக்கள் இன்றும் அழைக்கிறார்கள். அரசன் வைத்த பெயர் ஏட்டோடு நின்றுவிட்டது.

மேற்கில் இந்த மரபு வேறு உருவம் எடுத்தது. அசிசியின் பிரான்சிஸ் ஆயர்முன் தன் ஆடைகளைக் கழற்றித் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தார். 1511இல் வெளிவந்த மடமையின் புகழ் என்ற நூலில் எராஸ்முஸ் இறையியலாளர்களையும் துறவியரையும் நையாண்டி செய்துகொண்டே போய், கடைசிப் பகுதியில் பவுலின் மடமைக்கு வந்து சேர்கிறார். ஐரோப்பாவின் தலைசிறந்த படிப்பாளி அதை எழுதினார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த செனியா, பாடகரான கணவர் திடீரென்று இறந்ததும் அவருடைய சீருடையை அணிந்துகொண்டு, செனியாதான் இறந்துவிட்டாள் என்று சொல்லி, உடைமைகளைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். ஸ்மொலேன்ஸ்க் கல்லறைத் தோட்டத்தில் ஆலயம் எழும்பியபோது, இரவில் யாரும் பாராமல் செங்கற்களைச் சாரத்தின்மேல் ஏற்றிவைத்தவர் அவர் என்று மரபு கூறுகிறது. ருஷ்ய மக்கள் திருமுழுக்குப் பெற்ற ஆயிரமாவது ஆண்டான 1988இல் ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஒன்பது பேரைப் புனிதராக அறிவித்தது. குலிக்கோவோ போரில் வென்ற இளவரசர் திமித்ரி தொன்ஸ்கோய், ஓவியர் அந்திரேய் ருப்லேவ், கிரேக்க நூல்களை ருஷ்யருக்கு மொழிபெயர்த்துத் தந்த அறிஞர் மாக்சிம் ஆகியோருடன் செனியாவின் பெயரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.