காலில் எரிந்த வெளிச்சம்

பேத்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது சரிதானா என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. அவளுக்கு இரண்டரை வயது. அவள் தம்பி முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,240 கிராம். மதுரையில் ஒரு மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். என் மகளும் அங்கேயே தங்கிவிட்டாள். பெரியவள் எங்களோடு வீட்டில் இருந்தாள்.

அவள் வந்து பார்க்கலாம் என்று டாக்டர் ஒருநாள் அனுமதி கொடுத்தார். சளி, காய்ச்சல் உண்டா என்று விசாரித்தார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார்கள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் இன்குபேட்டர் பக்கத்தில் நின்றேன். மூக்கில் மூச்சுக்கு உதவும் சிபாப் குழாய், வாய் வழியாகப் பால் இறங்கும் டியூப், கன்னத்தில் பிளாஸ்திரி, தலையில் குல்லா. இதெல்லாம் போக முகம் என்று தெரிந்தது கொஞ்சம்தான். நானும் மருமகனும் அந்த முகத்தையும் பார்க்கவில்லை. மானிட்டரில் 92, 93 என்று மாறிக்கொண்டிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே போகிற பெரியவர்கள் எல்லோருக்கும் ஓரிரு நாளில் இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது.

அவள் எண்ணைப் பார்க்கவில்லை. பாப்பாவின் காலைப் பார்த்தாள். பாதத்தைச் சுற்றி ஒரு பட்டை; அதிலிருந்து சிவப்பாக ஒரு வெளிச்சம். தோல் அவ்வளவு மெலிசு என்பதால் பாதமே உள்ளிருந்து எரிவதுபோல் இருந்தது. நெடுநேரம் அதையே பார்த்தாள். பிறகு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, “அம்மாச்சி, லைட்ட அமத்து. பாப்பா தூங்கட்டும்” என்றாள்.

மருமகன் வெளியே போய்விட்டார். பக்கத்தில் நின்ற சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே கைவிட்டு, துணியின் ஓரத்தை இழுத்துக் காலை மூடினார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. “டாட்டா” சொன்னாள். அம்மாவையும் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

அன்றிரவு அழுதாள். சாதாரண அழுகை இல்லை. தூக்கினால் திமிறினாள், இறக்கினால் காலைக் கட்டிக்கொண்டாள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் அப்படி அழுததே கிடையாது. “பச்சப்பிள்ளைய அந்த எடத்துக்கு எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? இத்தன நாள் எவ்வளவு சமத்தா இருந்தா!” என்றார் சம்பந்தியம்மா. கோபத்தில் சொல்லவில்லை, அவருக்கும் பேத்திதானே. ஆனால் அந்த ‘சமத்தா இருந்தா’ என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எப்போதோ படித்த ஒன்று அன்றைக்கு நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று ஒருவர் 1952இல் ஒரு படம் எடுத்தார். சின்ன அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் விடப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பற்றியது. அந்தக் காலத்தில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கு அங்கே கடும் கட்டுப்பாடு. அம்மா வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது பலருடைய நம்பிக்கை. அந்த அமைதி பழகிப்போனதால் வந்தது இல்லை, நம்பிக்கை விட்டுப்போனதால் வந்தது என்றார் ராபர்ட்சன். டாக்டர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் 1959இல் அந்நாட்டு அரசு அமைத்த குழு, பெற்றோர் தடையின்றி வந்து போகலாம் என்று பரிந்துரைத்தது.

அப்படியானால் எங்கள் வீட்டில் அவள் சமத்தாக இருந்தது என்ன? ஊட்டினால் சாப்பிட்டாள். படுக்கவைத்தால் படுத்தாள். அம்மா எங்கே என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு கேட்கவே இல்லை. புரிந்துகொண்டாள் என்று நாங்கள் ஆறுதல்பட்டுக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த இரவில் வந்த அழுகை, நாங்கள் அவளுக்குச் செய்த கெடுதலா? அதுவரை அடைத்துவைத்திருந்தது திறந்துகொண்டதா? இரண்டாவதாக இருக்க வேண்டும் என்றுதான் மனம் விரும்புகிறது. விரும்புகிற காரணத்தாலேயே அதை நம்பத் தயக்கமாகவும் இருக்கிறது.

திரும்பத் திரும்ப அந்தக் கால் வெளிச்சத்துக்கே வந்துவிடுகிறேன். கொரோனா சமயத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்ட அதே பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான் அது. குறைமாதக் குழந்தைக்கு விரல் போதாது என்பதால் பாதத்தில் சுற்றுகிறார்கள். ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் சிவப்பு வெளிச்சத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆக்ஸிஜன் குறைந்தால் விழுங்கிவிடும். அந்த வித்தியாசத்தை நாடித் துடிப்பை வைத்துக் கணக்கிட்டு, ஊசி குத்தாமலே அளந்துவிடலாம் என்று 1974இல் சொன்னவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் இறந்துபோனார். அவரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. அந்த வெளிச்சம் அமர்ந்தால் அலாரம் அடிக்கும், சிஸ்டர்கள் ஓடிவருவார்கள். அவன் இருக்கிறான் என்பதற்கு எங்களுக்கு அதுதான் சாட்சி. அவளுக்கோ அது தூக்கத்தைக் கெடுக்கிற லைட்டு. வீட்டில் அவள் தூங்கும்போது நாங்கள் அமர்த்துவதுபோல் அங்கேயும் யாராவது அமர்த்த வேண்டும்.

அவள் சொன்னதில் தப்பும் இல்லை. வெளி வெளிச்சம் பட்டால் அந்த அளவு பிசகும் என்பதால் பட்டையைத் துணியால் மூடுவது உண்டு. வயிற்றின் இருட்டில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள் என்பதற்காக இன்குபேட்டர் மேலேயே கனமான துணியைப் போர்த்துகிறார்கள். ஆனால் நான் அதிசயப்படுவது அதற்காக இல்லை. அந்த அறையில் இருந்த எங்களில் அவனைத் தூக்கம் வருகிற ஒரு பாப்பாவாகப் பார்த்தது அவள் மட்டும்தான். நாங்கள் பார்த்தது ஒரு கவலையை.

என் தம்பியும் குறைமாதத்தில் பிறந்தவன்தான். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், 1973ஆம் வருஷம், எனக்கு ஐந்து வயது. ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது என்பாள் அப்பத்தா. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை இருக்கிறது என்று பின்னாளில் படித்தபோது, அப்பத்தாவை அங்கே சந்தித்ததுபோல் இருந்தது. மருத்துவம் ஒத்துக்கொள்ளாத நம்பிக்கை. வாரம் கூடக்கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் தம்பி ஏழாம் மாசம் என்பதால் அப்பத்தா அவனைக் கைவிடவில்லை.

அவனைப் பஞ்சில் சுற்றி, மூங்கில் கூடையில் கிடத்தி, கால்மாட்டில் அரிக்கேன் விளக்கு வைத்திருந்தார்கள். பஞ்சின் மேல் அதன் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. நான் வாசல்படியில் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே முதல் நினைவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சில வருஷங்களுக்கு முன் இதை அம்மாவிடம் சொன்னேன். “நீ எங்கடி பாத்த? ஒன்னைய அத்தை வீட்டுல விட்டுட்டோமே. அவன் தேறுனப்பெறகுதான கூட்டியாந்தோம்” என்றாள். விளக்கும் இல்லையாம். வீட்டுக்குக் கரண்டு வந்துவிட்டது. சூட்டுக்காகக் கூடைக்கு மேல் பல்பைத் தாழ்த்திக் கட்டியிருந்தார்களாம். அப்பத்தா ஊராருக்குச் சொன்ன கதையைக் கேட்டுக் கேட்டு, நானே ஒரு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன் போலும். அத்தை வீட்டில் இருந்த நாட்கள் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அழுதேனா, சமத்தாக இருந்தேனா என்று கேட்கலாம் என்றால் அத்தையும் இல்லை.

பார்க்காத நான் ஐம்பது வருஷமாக நினைவு வைத்திருக்கிறேன். பார்த்தவள் மறந்துவிடுவாள். மூன்று வயதுக்கு முந்தியது பெரியவர்கள் யாருக்கும் அநேகமாக நினைவில் நிற்பதில்லை என்கிறார்கள். இப்போதே அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான், குப்புற விழுகிறான். தன் பொம்மையை எடுத்துவிட்டான் என்று அவன் கையைத் தட்டிவிடுகிறாள். நினைவில் இல்லாத ஒன்று மனசில் இருக்குமா? அம்மா மறையவில்லை, இன்ன இடத்தில் இருக்கிறாள், அங்கே ஒரு பாப்பா தூங்குகிறான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டது, மறந்த பிறகும் அவளைத் தாங்குமா? தாங்கும் என்று சொல்ல ஆசை. நான் என் தம்பியிடம் ஒட்டாமலே வளர்ந்ததற்கு அத்தை வீட்டு நாட்கள்தான் காரணம் என்று சொல்லவும் ஆசை. ஆனால் அவன் பதினெட்டு வயதில் வெளியூர் போனவன். காரணம் வேறு ஆயிரம் இருக்கலாம்.

இப்போது வீட்டில் வேறொரு பேச்சு. வளர்ந்த பிறகு இதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்கிறாள் என் மகள். சொல்ல வேண்டாம், தம்பிக்கு அது ஒரு பாரமாகிவிடும் என்கிறார் மருமகன். சொன்னால், அப்பத்தாவின் விளக்கு எனக்குள் எரிவதுபோல, எங்கள் கதை அவளுடைய நினைவாக ஆகிவிடும். அவள் உண்மையிலேயே பார்த்தது எதுவோ அது அதற்கு அடியில் போய்விடும். சொல்லாவிட்டால் எங்களோடு அழிந்துவிடும். என்னைக் கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒருநாள் மகள் பக்கம் சாய்கிறேன், மறுநாள் மருமகன் பக்கம்.