மறுபடியும் பரீட்சை எழுதுவது இழிவா?

பரீட்சைகள் முடிந்துவிட்டன. ஜனவரி மாதம் ஓ லெவல் முடிவுகள் வெளியாகும். அன்றைக்குச் சில வீடுகளில் பிரியாணி மணக்கும்; சில வீடுகளில் அடுப்புப் பற்றவைக்கவும் மனம் வராது. இரண்டாவது வகை வீடுகளை உத்தேசித்தே இதை எழுதுகிறேன். நான் படிப்பாளி அல்லன். ஊரில் மதரஸாவில் ஓதினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இன்று தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பரீட்சையைப் பற்றிப் பேச இவனுக்கென்ன யோக்கியதை என்று அன்பர்கள் கேட்கலாம். தவறிய பையனுடைய தகப்பன் என்ற யோக்கியதை இருக்கிறது.

சென்ற ஜனவரியில் என் மகனுக்குக் கணக்கில் டி7 வந்தது. சி6 வந்தால்தான் தேறியதாகக் கணக்கு. அன்று மாலையே கடைக்கு வந்த ஒருவர், "என்ன பாய், மகன் என்ன வாங்கியிருக்கான்?" என்று கேட்டார். நான் கேளாதவன் போல அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் யாருடைய வெட்கம் என்று பிறகுதான் யோசித்தேன். தவறியவன் அவன்; தலை குனிந்தவன் நான்.

மறுபடி எழுதுவது இழிவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டதிட்டம் அப்படிச் சொல்லவில்லை. பள்ளியை விட்டவரும் தனிப் பரீட்சார்த்தியாகப் பணம் கட்டி ஓ லெவல் எழுத இந்நாட்டில் வழி வைத்திருக்கிறார்கள். தாய்மொழிப் பாடத்தை வருஷ நடுவில் ஒரு முறையும் வருஷ முடிவில் மறு முறையும் எழுதி, இரண்டில் நல்லதை வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் பல வருஷங்களாக இருந்துவந்திருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் தமிழை அப்படி இரண்டு தடவை எழுதியவர்கள். அதை யாரும் இழிவென்று சொன்னதில்லை. தமிழுக்கு இழிவில்லாதது கணக்குக்கு மட்டும் எப்படி இழிவாகும்? 2027 முதல் ஓ லெவலும் என் லெவலும் சேர்ந்து ஒரே சான்றிதழாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். பெயர் மாறினாலும் தவறுகிற பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள்.

மதரஸாவில் காலையில் ஹஜ்ரத் முன்னால் உட்கார்ந்து முதல் நாள் பாடத்தை ஒப்புவிக்க வேண்டும். தடுமாறினால் புதுப் பாடம் கிடையாது. அதே பாடத்தோடு மறுநாள் வர வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்த பையன் ஒரே பாடத்தில் பத்து நாள் நின்றதுண்டு. "அவனுக்குப் பாடம் இன்னும் ஆகவில்லை" என்பார்களே தவிர, தவறியவன் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் இரவில் ஓதிப் பாராமல், சும்மா மறுநாளும் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பிரம்புதான். மறுபடி வருவது குற்றமல்ல. வெறுங்கையோடு மறுபடி வருவதுதான் குற்றம்.

இந்தப் பாடத்தை என் மகன்தான் எனக்கு ஞாபகப்படுத்தினான். "மறுபடி எழுது" என்று நான் சொன்னதும் அவன் மெதுவாகச் சொன்னான்: "வாப்பா, போன வருஷம் நான் எங்கே படிச்சேன்? பள்ளி விட்டா கடை. தீபாவளி நேரத்துல ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கடை. இந்த வருஷமும் அதேதான்னா, மறுபடி எழுதி என்ன ஆகப்போகுது?"

எனக்குப் பதில் இல்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஓ லெவல் பரீட்சை; அதே சமயத்தில்தான் சிராங்கூன் ரோட்டில் தீபாவளி வியாபாரம். நமக்கு வருஷத்தில் நல்ல வரும்படி அப்போதுதான். அந்த வரும்படிக்காக அவனைக் கல்லாவில் நிறுத்தியவன் நான். டி7 வந்ததும் கோபித்தவனும் நான்.

வேறொரு நியாயமும் யோசிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேறியவர்களே மார்க்கை உயர்த்திக்கொள்ள மறுபடி எழுதி மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு இடம் கேட்டதுண்டு. 2005-இல் அரசாங்கம் அதை நிறுத்த உத்தரவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்துச் செய்தது. சட்டம் எப்படியிருந்தாலும் மனசாட்சிக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்க வசதியுள்ளவனும், ஒரே தடவையில் தேறியே ஆக வேண்டிய ஏழையும் ஒரே வரிசையில் நிற்பது சமமா? அதற்காக வசதியுள்ளவனைத் தடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயமல்ல. இல்லாதவனுக்கும் அந்த ஒரு வருஷம் கிடைக்கச் செய்வதே நியாயம்.

எல்லாரும் திரும்பத் திரும்ப எழுதத்தான் வேண்டும் என்பதுமில்லை. கும்பகோணத்துக் கணித மேதை இராமானுஜன் கணக்கில் மட்டும் மூழ்கி, மற்றப் பாடங்களில் தவறி, 1907-இல் மறுபடி எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. 1914-இல் அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனது அந்தச் சான்றிதழைக் காட்டியல்ல. ஆகையால் மறுபடி எழுதுவதா, கைத்தொழில் படிப்புக்குப் போவதா என்பதைப் பிள்ளையிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நாம் எழுதாத பரீட்சையை அவன் தலையில் கட்டக் கூடாது.

என் மகன் எழுதுகிறேன் என்றான். இந்தத் தடவை கடைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தேன். தீபாவளி லாபத்தில் ஒரு பங்கு அதற்குப் போயிற்று. அவன் மாலை நேரத்தில் நூலகத்தில் இருந்தான். முடிவு இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும், படிக்க நேரமில்லை என்று அவன் சொல்ல முடியாது. நேரம் கொடுக்கவில்லையே என்று நானும் வருந்த வேண்டியதில்லை.

சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1982-இல் தோன்றிய மெண்டாக்கியும் 1991-இல் தோன்றிய சிண்டாவும் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்புகள் நடத்துகின்றன. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் எந்தக் கதவைத் தட்டுவது என்று யோசித்தே காலத்தைக் கழிக்கிறோம். போய்க் கேளுங்கள். நமது சங்கமும் மாலையில் ஓர் அறையைத் திறந்து, மேசையும் விளக்கும் போட்டு வைத்தால் கடைக்காரர் பிள்ளைகளுக்குப் பேருதவியாகும். முதல் மேசைக்கு என் பங்கைத் தந்துவிடுகிறேன். ஜனவரியில் எந்த வீட்டிலாவது பிள்ளை தவறினால், "ஏன் தவறினாய்?" என்று கேட்பதற்கு முன், "உனக்குப் படிக்க நேரம் இருந்ததா?" என்று கேளுங்கள்.