தழும்பு மாறாத மகிழ்ச்சி

கிரேக்க நாட்டு வீடுகளில் பெரிய வியாழனன்று முட்டைகளுக்குச் சாயம் ஏற்றுவார்கள். மரபான நிறம் சிவப்பு. சனிக்கிழமை நள்ளிரவில் ஆலயத்தில் உயிர்ப்பு அறிவிக்கப்பட்ட பிறகு, ஒருவர் முட்டையை மற்றவர் முட்டையோடு மோதி உடைப்பார்கள். ‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்று ஒருவர் சொல்ல, ‘மெய்யாகவே உயிர்த்தார்’ என்று அடுத்தவர் மறுமொழி கூறுவார். ஓடு உடைவது கல்லறை திறப்பதைக் குறிக்கிறது என்றும், சிவப்பு குருதியைக் குறிக்கிறது என்றும் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு விளக்குவார்கள். தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்ட உணவாக இருந்ததும், கோழிகள் அதை அறியாமல் இட்டுக்கொண்டே இருந்ததால் நோன்பு முடியும் நாளில் வீடுகளில் முட்டை குவிந்துகிடந்ததும் இந்த வழக்கத்தின் உலகியல் காரணங்கள். காரணம் தெரிந்துவிட்டால் பொருள் தீர்ந்துவிடுவதில்லை. ஆண்டின் மிகப் பெரிய மகிழ்ச்சிக்குரிய பண்டத்துக்கு ஏன் குருதியின் நிறம்?

ஈஸ்டர் என்பது அடிப்படையில் ஒரு வசந்த விழாதான், கிறிஸ்தவம் பின்னால் வந்து அதன்மேல் தன் பெயரை எழுதிக்கொண்டது என்று சொல்வோர் உண்டு. 725-இல் ஆங்கிலத் துறவி பீட், காலக் கணிப்பைப் பற்றிய தம் நூலில், தம் முன்னோர் ஈஸ்த்ரே என்ற தெய்வத்துக்கு ஏப்ரல் திங்களில் விழா எடுத்தனர் என்று போகிறபோக்கில் குறித்துவைத்தார். அந்தச் சிறு குறிப்பின்மேல் பிற்காலத்தார் பெரிய மாளிகை கட்டிவிட்டனர். ஆனால் பீட் பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, அந்தத் தெய்வத்தின் பெயரைக் கேட்டிராத நாடுகளில், இந்த விழாவின் நாள் குறித்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. 155-ஆம் ஆண்டை ஒட்டி, சிமிர்னா நகரின் முதிய ஆயர் போலிகார்ப், ரோமாபுரி ஆயர் அனிசேட்டஸைச் சந்தித்தார். யூதர்களின் பாஸ்கா நாளான நீசான் மாதம் பதினான்காம் நாள் எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே கொண்டாடவேண்டும் என்பது போலிகார்ப்பின் மரபு. ஞாயிறுதான் என்பது ரோமாபுரியின் மரபு. இருவரும் இணங்கவில்லை. ஆயினும் அனிசேட்டஸ் தம் ஆலயத்தில் திருப்பலியை நடத்தும் மதிப்பை முதியவருக்கு விட்டுக்கொடுத்தார்; இருவரும் சமாதானத்தோடு பிரிந்தனர். 325-இல் கூடிய நிசேயா சங்கம் அனைவருக்கும் ஒரே ஞாயிறு என்று முடிவு செய்ததும், மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்னும் கணக்கு பின்னர் நிலைபெற்றதும் நாம் அறிந்த கதை. நாள் முடிவானதைவிட, முடிவாகாத காலத்தில் இரண்டு ஆயர்கள் ஒரே பீடத்தில் நின்றது பெரிது என்றே நான் நினைக்கிறேன்.

ஆக, விழாவின் வேர் யூதர்களின் பாஸ்காவில் இருக்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இரவின் நினைவு அது. அந்த விருந்தில் ஆட்டிறைச்சியோடும் புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையையும் உண்ணவேண்டும் என்பது விதி. விடுதலை பெற்றவன், விடுதலையைக் கொண்டாடும் பந்தியில், அடிமையாயிருந்த நாளின் கசப்பை நாவில் வைத்த பிறகே மகிழவேண்டும். அந்தக் கசப்பு இல்லாமல் போனால் அது வெறும் விருந்தாகிவிடும். யாருடைய விடுதலை, எதிலிருந்து விடுதலை என்பதை மூன்றாம் தலைமுறை மறந்துவிடும்.

வசந்தத்துக்கு இந்த நினைவு கிடையாது. புதிதாகத் துளிர்க்கும் இலைக்குச் சென்ற ஆண்டு உதிர்ந்த இலையைத் தெரியாது. இயற்கை இழந்ததைத் திருப்பித் தருவதில்லை. அதன் இடத்தில் வேறொன்றை வைக்கிறது. அது பேரழகு, பெரிய ஆறுதலும்கூட. ஆனால் பிள்ளையை இழந்த தாயிடம் போய், அடுத்த வசந்தத்தில் உலகம் மறுபடி பூக்கும் என்று நாம் சொல்ல முடியுமா? அவள் கேட்பது பூவை அல்ல, அந்தப் பிள்ளையை. அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த விழா இலையுதிர் காலத்தில் வருகிறது. நமக்கோ பங்குனி, சித்திரையின் கொடும் வெயிலில். எந்தப் பருவத்திலும் அதன் பொருள் குன்றாததற்குக் காரணம், அது பருவம் தராத ஒன்றைப் பற்றிப் பேசுவதுதான்.

சனிக்கிழமை இரவின் பாஸ்கா திருவிழிப்பை நினைத்துப் பார்ப்போம். விளக்குகள் அணைந்த ஆலயத்துக்கு வெளியே புதுத்தீ மூட்டுகிறார்கள். பெரிய மெழுகுதிரி ஒன்றில் குரு சிலுவையை வரைந்து, அந்த ஆண்டின் எண்களைப் பொறித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிக்கிறார். அவை ஐந்து காயங்கள். அதற்குப் பிறகே திரி ஏற்றப்படுகிறது. அந்த ஒரு சுடரிலிருந்துதான் மக்கள் கையிலுள்ள திரிகள் அனைத்தும் ஒளி பெறுகின்றன. காயம் பதிக்கப்பட்ட திரியிலிருந்தே அந்த இரவின் வெளிச்சம் பரவவேண்டும் என்று இந்தச் சடங்கை அமைத்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். இதைவிட ஆழமான இறையியல் பாடத்தை எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

யோவானின் நற்செய்தியும் இதையே சொல்கிறது. பூட்டிய அறைக்குள் வந்து நின்ற உயிர்த்தவர் தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். சாவை வென்ற உடலில் ஆணித் தழும்பை மட்டும் அழிக்க முடியாமலா போயிற்று? அன்று அங்கே இல்லாத தோமா, அந்தத் தழும்பைக் கண்டாலன்றி நம்பேன் என்கிறார். இவரை ஐயப்பட்டவர் என்று நூற்றாண்டுகளாகக் குறை சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் அவர் ஒளியையோ அற்புதத்தையோ கேட்கவில்லை, காயத்தைக் கேட்டார். காயம் இல்லாத ஒருவர் வந்து நின்றால் அவர் தம் ஆசிரியராக இருக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதே தோமா சென்னைப் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது நம் மண்ணின் கிறிஸ்தவ மரபு. விலாவின் ஈட்டிக் காயத்தைக் காணவேண்டும் என்று கேட்டவருக்கு அதே காயம் வாய்த்தது.

பேதுருவின் கதை இன்னும் நுட்பமானது. இயேசு கைதான இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, அவரை அறியேன் என்று மும்முறை மறுத்தவர் பேதுரு. உயிர்ப்புக்குப் பின் திபேரியா கடற்கரையில் இயேசு அவருக்காகக் காத்திருந்த இடத்திலும் கரிநெருப்பு எரிகிறது. அங்கே, என்னை நேசிக்கிறாயா என்னும் கேள்வி மும்முறை வருகிறது. நடந்ததைப் பேசவேண்டாம் என்று அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பப்பட்ட மனிதன் எந்த நெருப்பைக் கண்டாலும் வாழ்நாளெல்லாம் தலைகுனிந்திருப்பான். மன்னிப்பு என்பது குற்றம் நடந்த இடத்துக்கே ஒருவனைத் திரும்ப அழைத்துச் சென்று, அங்கே அவன் சொன்ன பொய்யை அவன் வாயாலேயே அன்பாக மாற்றிக்கொள்ள இடமளித்து, அந்தப் பொய் நடந்ததே இல்லை என்று பாசாங்கு செய்யாமல், அவனிடமே மந்தையை மேய்க்கும் பொறுப்பையும் ஒப்படைக்கும் செயல் என்றால், மறதியை மன்னிப்பென்று எண்ணி நாம் நம் வீடுகளிலும் ஊர்களிலும் நாடுகளிலும் செய்துகொள்ளும் சமரசங்கள் எத்தனை மெலிந்தவை!

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீயோனில் மாண்டவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். கட்டுவாப்பிட்டியில் குருதி தெறித்த இயேசுவின் சொரூபத்தை உலகமே படத்தில் பார்த்தது. ஆலயங்கள் செப்பனிடப்பட்டன, வழிபாடுகள் மீண்டும் தொடங்கின. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் இறந்தவர்களின் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உயிர்ப்பு விழாவைக் கொண்டாடிக்கொண்டே, இதன் பின்னால் இருந்தவர்கள் யார் என்ற கேள்வியையும் விடாமல் கேட்டு வருகின்றன. பழையதைக் கிளறாமல் விழாவை நிம்மதியாகக் கொண்டாடக் கூடாதா என்று அவர்களிடம் சொல்வோர், அந்த விழாவை அறியாமல் பேசுகிறார்கள். அவர்கள் கேட்கும் உண்மை வெளிவரும்வரை, அந்தக் கேள்வியும் அவர்களுடைய உயிர்ப்பு வழிபாட்டின் பகுதியாகவே இருக்கும்.