சுவரிலே ஒரு துவாரம்



இந்த மாதம் ஒரு சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன். "பாஸ்டருக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்பீர்கள். போய்ப் பாருங்கள் என்று சொல்லுவதற்காக அல்ல. நம்ம வாலிபப் பிள்ளைகளில் சிலர் போனிலேயே அதைப் பார்த்துவிட்டார்கள். பார்த்ததோடு விடாமல் என்னிடத்தில் ஒரு கேள்வியும் கேட்டார்கள்: "ஒழுங்காய் ஆலயத்துக்குப் போகிற அப்பா எப்படி பாஸ்டர் இப்படி இருக்க முடியும்?" பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பிரசங்க பீடம் பதில் சொல்லவில்லை என்றால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

அந்தப் படத்தின் பெயர் 'தி க்ளவ்ஹிட்ச் கில்லர்'. டங்கன் ஸ்கைல்ஸ் என்பவர் இயக்கி 2018-ல் வெளிவந்தது. க்ளவ்ஹிட்ச் என்பது ஒரு கயிற்று முடிச்சின் பெயர், சாரணர் இயக்கத்துப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிற முடிச்சு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். பத்து வருஷங்களுக்கு முன்னே ஒருவன் அந்த ஊரில் பெண்களைக் கட்டிப்போட்டுத் தொடர்ச்சியாய்க் கொலை செய்தான். பிறகு கொலைகள் நின்றுபோயின, ஆள் மட்டும் அகப்படவில்லை. அந்த ஊரில் டைலர் என்று 16 வயதுப் பையன். அவன் தகப்பன் டான் நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர், சாரணர் தலைவர், வீட்டு வேலைகளைக் கைப்படச் செய்கிறவர், குடும்பமாய் ஆலயத்துக்குப் போகிறவர். ஒரு ராத்திரி பையன் தகப்பனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். வண்டிக்குள்ளே அசிங்கமான ஒரு படம் அகப்படுகிறது, ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டிருக்கிற படம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் படத்தை வைத்திருந்தவர் தகப்பன். பழியோ பையன்மேல் விழுந்தது! கூட இருந்த பெண் அதைப் பார்த்து வெளியே சொல்ல, ஊர் முழுக்கப் பரவி, நெருங்கிய சிநேகிதன்கூட அவனை ஒதுக்கிவிடுகிறான். ஒருவராவது, "தம்பி, இது உனக்கு எங்கேயிருந்து வந்தது?" என்று உட்கார்ந்து கேட்டார்களா? கேட்கவில்லை. ஊரார் கெட்டவள் என்று முத்திரை குத்தியிருந்த ஒரு பெண்தான் அவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டாள். இந்த இடத்தைப் பிள்ளைகள் சொன்னபோது எனக்கு மனசு குத்திற்று.

பிறகு பையன் தகப்பனுடைய பூட்டிய கொட்டகைக்குள் போகிறான். அங்கே இன்னும் அநேக படங்கள்.

பிரியமானவர்களே, இதைக் கேட்டவுடனே எனக்கு எசேக்கியேல் 8-ஆம் அதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. கர்த்தர் தீர்க்கதரிசியை ஆலயத்துப் பிராகாரத்து வாசலுக்குக் கொண்டுபோகிறார். சுவரிலே ஒரு துவாரம். தோண்டச் சொல்லுகிறார். தோண்டினால் ஒரு வாசல், உள்ளே போனால் சுவர் முழுவதும் அருவருப்பான சித்திரங்கள்! அவைகளுக்கு முன்னே தூபகலசம் பிடித்து நிற்கிறவர்கள் யார்? புறஜாதியாரா? இல்லை. இஸ்ரவேலின் மூப்பர் 70 பேர். அவர்கள் நடுவே சாப்பானின் குமாரன் யசனியா என்று பெயரோடே எழுதியிருக்கிறது. யோசியா ராஜாவின் நாட்களிலே அகப்பட்ட நியாயப்பிரமாண புஸ்தகத்தை ராஜாவுக்கு வாசித்துக் காண்பித்த சம்பிரதியின் பெயரும் சாப்பான் (2 இராஜாக்கள் 22). அந்தச் சாப்பானின் மகன்தான் இவன் என்று அநேக வேதபண்டிதர்கள் எண்ணுகிறார்கள். அப்படியானால் யோசித்துப் பாருங்கள், எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை! கர்த்தர் எங்களைப் பார்க்கவில்லை என்பதுதான் அந்த எழுபது பேருடைய விசுவாச அறிக்கையாய் இருந்தது. வெளியே ஆலயம், உள்ளே தனித்தனி இருட்டறை.

"இதெல்லாம் சினிமாக்காரன் கட்டின கதை, கிறிஸ்தவர்களைக் கேவலப்படுத்த எடுத்தது" என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அதற்கு ஆதாரமாய் ஒரு நிஜ மனுஷனே உண்டு. கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரத்தை ஒட்டிய பார்க் சிட்டி என்ற புறநகரில் வாழ்ந்த டென்னிஸ் ரேடர். 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றவர். தனக்குத்தானே பி.டி.கே. என்று பெயர் சூட்டிக்கொண்டு போலீசுக்கும் பத்திரிகைக்கும் கடிதம் எழுதினவர். அதே மனுஷன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சாரணர் தலைவர், பார்க் சிட்டியின் நகராட்சி ஊழியர், கடைசியாய் ஒரு லூத்தரன் சபையின் ஆலோசனைக் குழுத் தலைவர்! 1985-ல் தன் தெருவிலேயே குடியிருந்த ஒரு பெண்ணைக் கொன்று, அந்தச் சடலத்தைத் தன் சபைக் கட்டிடத்துக்கே கொண்டுபோய்ப் படம் எடுத்தார். அந்த ராத்திரி சாரணர் முகாமில் இருந்ததாகக் கணக்கு. இதற்கு மேல் அதை விவரித்து எழுத என் கை வரவில்லை.

அவர் எப்படி அகப்பட்டார் தெரியுமா? 2004-ல் மறுபடியும் கடிதம் எழுதத் தொடங்கினார். கம்ப்யூட்டர் ஃப்ளாப்பியில் அனுப்பினால் கண்டுபிடிக்க முடியுமா என்று போலீசையே கேட்டார். முடியாது என்று அர்த்தப்படும்படி அவர்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். நம்பி 2005 பிப்ரவரியில் ஃப்ளாப்பியை அனுப்பினார். அதில் அழித்துப்போட்ட ஒரு கோப்பின் அடையாளம் மிச்சம் இருந்தது. அதிலே டென்னிஸ் என்ற பெயரும் அவர் சபையின் பெயரும் இருந்தன! பிப்ரவரி 25-ஆம் தேதி கைதானார். முப்பத்தொரு வருஷம் மறைத்த மனுஷனைச் சபைக் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்தது. லூக்கா 12:2, 3 வசனங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். எண்ணாகமம் 32:23-ஐயும் வாசியுங்கள்.

இப்பொழுது படத்தின் முடிவுக்கு வருகிறேன், வாலிபர்கள் அதிகம் வாக்குவாதம் பண்ணினது அதைப் பற்றித்தான். பையனுக்குத் தகப்பன்தான் கொலைகாரன் என்று தெரிந்துவிடுகிறது. அவன் போலீசிடம் போகவில்லை. தகப்பன் செத்துப்போகிறார், அதில் மகனுடைய கை இருக்கிறது. தாயும் தங்கையும் அறியாதபடி எல்லாவற்றையும் மூடிவிட்டு, தகப்பனைப் பற்றி நல்லவிதமாய் மேடையில் பேசுகிறான். "குடும்ப மானத்தைக் காப்பாற்றினான் பாஸ்டர்" என்றான் ஒரு தம்பி.

16 வயதுப் பிள்ளைமேல் நான் கல் எறிய மாட்டேன். ஆனால் 2 சாமுவேல் 13-ஐ வாசியுங்கள். அம்னோன் தாமாரைக் கெடுத்தான். அண்ணன் அப்சலோம் தங்கையிடம் என்ன சொன்னான்? அவன் உன் சகோதரன், பேசாதே, மனசிலே வைக்காதே என்று அமர்த்திவிட்டான். தாவீது ராஜா கேள்விப்பட்டு மிகவும் கோபப்பட்டான். கோபப்பட்டு? அவ்வளவுதான்! நியாயம் விசாரிக்கவேண்டிய ராஜா கோபத்தோடே நிறுத்திக்கொண்டான். இரண்டு வருஷம் கழித்து அப்சலோம் தன் வேலைக்காரரைக் கொண்டு அம்னோனைக் கொன்றுபோட்டான். தாமாரோ அண்ணன் வீட்டிலே பாழாய்க் கிடந்தாள். பெரியவர்கள் செய்யவேண்டியதைச் செய்யாமல் போனால் சின்னவர்கள் கையிலே கத்தி வருகிறது. அந்தப் படத்துப் பையனையும் நான் அப்சலோமின் பக்கத்திலேதான் பார்க்கிறேன். பிள்ளை சுமக்கக்கூடாத பாரம் அது.

அந்த ஊரில் கொலையுண்ட பெண்களுடைய வீட்டார் இருக்கிறார்களே, அவர்களுக்கு யார் பதில் சொல்லுவது? இவன் வீட்டு மானம் காப்பாற்றப்பட்டது, அவர்கள் வீட்டுக் கண்ணீர் அப்படியே இருக்கிறது. கான்சாசிலே அப்படி இல்லை. 2005 ஆகஸ்ட் மாதம் அந்தக் குடும்பத்தார் நீதிமன்றத்தில் ரேடருடைய முகத்துக்கு முன்னே நின்று பேசினார்கள். 10 ஆயுள் தண்டனை, ஒன்றன்பின் ஒன்றாக, குறைந்தது 175 வருஷம். (அந்தக் கொலைகள் நடந்த காலத்தில் கான்சாசில் மரண தண்டனைச் சட்டம் இல்லை.) அவர் சபையின் போதகர் சிறைச்சாலைக்குப் போய் அவரைப் பார்த்தார். சிலர் அதைக் குறைசொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். சுவிசேஷம் சிறைக்குள்ளும் போகவேண்டும். ஆனால் சுவிசேஷம் போனதால் தண்டனை நீங்கவில்லை, நீங்கவும் கூடாது. ரேடருடைய மகள், தன் வீட்டுக் கதவைத் தட்டின எஃப்.பி.ஐ. அதிகாரி மூலமாய்த்தான் எல்லாவற்றையும் அறிந்தார். அந்த மகள் உடைந்துபோனார், ஆனாலும் 2019-ல் தன் கதையையும் தன் விசுவாசப் போராட்டத்தையும் புத்தகமாகவே எழுதினார். உண்மை வெளியே வந்தால் குடும்பம் செத்துப்போகும் என்று நினைக்கிறோம். அந்த மகள் செத்துப்போகவில்லை.

"தகப்பனைக் கனம்பண்ணவேண்டாமா?" என்று கேட்பீர்கள். கனம்பண்ணவேண்டும். எபேசியர் 6:1-ல் 'கர்த்தருக்குள்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதைத் தாண்டி வாசித்துவிடாதீர்கள்.

இதை வாசித்துவிட்டு நாளையிலிருந்து ஒவ்வொரு மாமாவையும் மூப்பரையும் சந்தேகக் கண்ணோடே பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள், அதுவும் பிசாசின் வேலைதான். ஆனால் தகப்பன்மார்களே, உங்களிடத்தில் ஒன்று கேட்கிறேன். டானுக்குக் கொட்டகை தேவைப்பட்டது. இன்றைக்குக் கொட்டகை சட்டைப் பாக்கெட்டிலேயே இருக்கிறது, அதற்குப் பூட்டும் இருக்கிறது. உள்ளே என்ன சித்திரம் வைத்திருக்கிறீர்கள்? மகன் தோண்டிப் பார்க்கும்வரை காத்திருக்கவேண்டாம், நீதிமொழிகள் 28:13-ன்படி இன்றைக்கே அறிக்கைசெய்து விட்டுவிடுங்கள்.

மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை வந்து ஒரு பெரிய மனுஷனைப் பற்றிச் சொன்னால், "சாட்சி கெட்டுப்போகும், ஜெபத்தில் வைப்போம்" என்று அனுப்பிவிடாதீர்கள். ஜெபம் பண்ணுங்கள், பண்ணிவிட்டு எழுந்து போலீசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு விரோதமான பாலியல் குற்றம் என்றால், 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். ரோமர் 13:4-ல் அதிகாரியைத் தேவ ஊழியக்காரன் என்று பவுல் அழைத்திருக்கிறார்.

பிள்ளைகளே, உங்களுக்குப் பாரமாய் ஏதாவது தெரியுமானால், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் நானும் என் மனைவியும் சபையிலேயே இருப்போம். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் வரலாம். யாரைப் பற்றிச் சொல்ல வந்தாலும், என்னைப் பற்றியே என்றாலும், வரலாம். என்னிடத்தில் சொல்லப் பயமாயிருந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், அதற்குக் காசு கிடையாது.